கயாவோ துறைமுகத்து ஸ்பானிஷ்

மொழிகளுக்கு உரிய மரியாதையை உலகிலேயே முதன்முதலில் அளித்தது ராயபுரம் பவளமணி கப்பல் ஏஜென்சிதான். இதை வரலாறு மறைத்தாலும் நாம் மறைக்கலாகாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் அங்கே ஸ்பானிஷ் கற்பிக்கும் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பீரோவை விடப் பெரிது. அதற்கு ஏ.சி. அறை, மனிதர்களுக்கு வழக்கம்போல மின்விசிறி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் சன்னிதிக்குள் நுழையவேண்டும். ஊழியர்களிடம் திடீரென்று பொங்கிய ஸ்பானிஷ் பற்றுக்கு ஏ.சி.தான் காரணம் என்று சொன்னவர்கள் பொறாமைக்காரர்கள்.

கஸ்பாருக்கு மட்டும் குளிர் முக்கியமில்லை. அவன் சரக்கு சரிபார்க்கும் தற்காலிக குமாஸ்தா. பெரு நாட்டுக் கப்பல்கள் வரப்போகின்றன, ஸ்பானிஷில் தேறும் ஒருவரை நிரந்தரமாக்குவோம் என்று மானேஜர் செல்வநாதன் அறிவித்திருந்தார். நிரந்தர வேலை இருந்தால்தான் ஃப்ளோராவைக் கட்டிக் கொடுப்பேன் என்று அவள் அப்பா இக்னேஷியஸும் அறிவித்திருந்தார். இரண்டு அறிவிப்புகளுக்கும் நடுவில் பாவம், கஸ்பார் தூக்கத்தைத் தொலைத்தான்.

கம்ப்யூட்டருக்குள் செருகும் துளை போட்ட அட்டைகளில்தான் பாடம் இருந்தது. முதலில் வந்தவை மாட்ரிட் நகரத்து ஸ்பானிஷ். உடனே 'வட்டார வழக்குத் தேர்வுக் குழு' கூடியது.

"பெரு நாட்டுக்காரனிடம் மாட்ரிட் பேச்சா? மனசு புண்படாதா? அவன் ஊர்ப் பேச்சைப் பேசுவதல்லவா அவனுக்கு மரியாதை!" என்று செல்வநாதன் தழுதழுத்தார்.

"பெருவிலேயே எந்த ஊர் சார்? மலையில் ஒரு மாதிரி, கரையில் ஒரு மாதிரி பேசுவார்களாமே" என்றார் கணக்கர் மாசானம்.

குழு டீ குடித்து, ஏகமனதாகத் தீர்மானித்தது: அந்நாட்டின் கயாவோ துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் பேசுவதே 'சரியான' ஸ்பானிஷ். மாட்ரிட் திரும்பிப் போனது. அந்நியச் செலாவணி தந்து கயாவோ தருவிக்கப்பட்டது.

கம்ப்யூட்டருக்கு வாய் கிடையாது. இருந்தும் உச்சரிப்பைக் கற்பித்தது, காகிதத்தில் அடித்து. கஸ்பார் அதைக் குழாயடியிலும் உரக்கப் படித்துக்கொண்டு நின்றான்.

"இன்னா, தனியா பேசிகினு கீறே?" என்றாள் குடத்தோடு வந்த ஃப்ளோரா.

"ஸ்பானிசு. மூட்டை தூக்கறவன் எப்டி திட்டுவான்னு மிசினு சொல்லிக் குடுக்குது."

"அத்த எங்க நைனா சும்மாவே சொல்லிக் குடுப்பாரே!"

பரீட்சையில் கஸ்பார்தான் முதல். 'துறைமுகத்திலேயே பிறந்தவர் போலும்' என்று கம்ப்யூட்டர் பாராட்டி அடித்துத் தள்ளியது. ஃப்ளோரா வீட்டில் கல்யாணத்துக்குக் கோயில் தேதி பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

பாக்கி இருந்தது நேர்முகத் தேர்வு மட்டும்.

"இந்த வேலை உனக்கு ஏன்?" என்று செல்வநாதன் கேட்டார்.

"கப்பலாளுங்க நம்ம தோஸ்துங்க மாரி சார். ஒரு பேஜாரும் இல்லாம நா பாத்துக்குவேன். எங்க வூட்ல அல்லாருமே ஆர்பர்ல மூட்டை தூக்கறவங்கதான்."

செல்வநாதன் காதைப் பொத்திக்கொண்டார். குழு ஏகமனதாக முகம் சுளித்தது.

"என்ன பேச்சப்பா இது! கம்பெனி கௌரவம் என்ன ஆவது?"

வேலை அடையாற்றுப் பட்டதாரி ஒருவருக்குப் போயிற்று. அவருக்கு ஸ்பானிஷ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அதை அழகான தமிழில் தெரிவித்தார்.

கஸ்பார் வெளியே நடந்தான். ஃப்ளோராவிடம் என்ன சொல்வது? வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்.

"ஒரு டவுட்டு சார். கயாவோல மூட்டை தூக்கறவன் பேசுனா காசு குடுத்து கத்துக்கிறீங்கோ. ராயபுரத்துல மூட்டை தூக்கறவன் வூட்டுப் புள்ள பேசுனா காத பொத்திக்கிறீங்கோ. ஏன் சார்?"

செல்வநாதன் நியாயஸ்தர். சற்று யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"அவன் அங்கேயே இருக்கிறான், தம்பி. நீ உள்ளே வரப் பார்க்கிறாயே!"