பெரிய ஐயாவை உள்ளே வைத்த பூட்டு ஏட்டையா

எழுபதுகளில் தூத்துக்குடியில் திருடர்கள் உடைத்த பூட்டுகளைவிடப் போலீஸ் உடைத்த பூட்டுகள்தான் அதிகம். போலீஸ் என்றால் மொத்தத் துறையையும் சொல்லவில்லை. எனக்கு எதற்கு வம்பு? ஒரே ஒருவர்தான். எங்கள் பகுதி ஸ்டேஷனின் ஏட்டையா. பெற்றவர்கள் ஆசையாக ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது சம்பளம் வாங்குகிற இடத்தில் மட்டும் புழங்கியது. எங்களுக்கு அவர் பூட்டு ஏட்டையா.

ரோந்து வரும் போலீஸ்காரர், பூட்டிய கடைகளின் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது துறையின் பழைய வழக்கம். மற்றவர்கள் போகிற போக்கில் லத்தியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். நம்ம ஏட்டையா அப்படியில்லை. ஒரு காலைக் கதவில் ஊன்றிக்கொள்வார். இரண்டு கையாலும் பூட்டைப் பிடித்து, தேர் வடம் இழுப்பதுபோல இழுப்பார். ஆறடி உயரம், அதற்குத் தோதான அகலம். பூட்டு தாங்கினால், "ம், கிட" என்று அதற்கு ஒரு உத்தரவு கொடுத்துவிட்டு அடுத்த கதவுக்குப் போவார். தாங்காவிட்டால் அதைக் கையில் ஏந்திக்கொண்டு, "இதுக்குப் பேரு பூட்டாவே? இதுக்கு வாசல்ல ஒரு நூலைக் கட்டிட்டுப் போயிருக்கலாம்" என்பார்.

கடைகளோடு விட்டாரா? இல்லை. அப்போது புதுத் துறைமுகத்து வேலைக்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் ஊருக்குள் வந்துகொண்டிருந்தார்கள். தெருவில் தெரியாத முகமாகத் தெரிந்தது. அதைச் சாக்காக வைத்து ஏட்டையா வீட்டுப் பூட்டுகளிலும் கைவைக்க ஆரம்பித்தார்.

நான் அப்போது ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா. கல்யாணம் ஆகவில்லை. ஏட்டையா குடியிருந்த தெருவிலேயே ஒரு மாடி அறையில் இருந்தேன். முதல் சந்திப்பே கோலாகலம். சாயங்காலம் வேலை முடிந்து படியேறினால், என் அறை வாசலில் ஒரு மலை நிற்கிறது. மலையின் உள்ளங்கையில் என் பூட்டு, வாயைப் பிளந்துகொண்டு.

"தம்பி, உன் பூட்டு சரியில்ல."

"நீங்க இழுக்கிறதுக்கு முன்னால சரியாத்தானே இருந்துச்சு ஏட்டையா?"

"களவாணி இழுத்திருந்தா?"

"அவன் இழுக்கலையே!"

"அதாம்லே, அவன் முந்துறதுக்குள்ள நான் இழுத்தேன்."

மறுநாள் இரும்புக்கடை அண்ணாச்சியிடம் புதுப்பூட்டு வாங்கப் போனேன். "ஏட்டையா கைபட்டுட்டா?" என்று கேட்டுவிட்டு, அவர் பாட்டுக்குப் பூட்டை எடுத்து வைத்தார். அந்த அண்ணாச்சி மட்டும் தெருவில் ஏட்டையாவைக் கண்டால் எழுந்து நின்று கும்பிடுவார். ஏன் என்று நான் சொல்லவேண்டுமா?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உடைத்துவிட்டு ஓடுகிற ஆள் இல்லை அவர். வீட்டுக்காரர் வந்து சேரும்வரை அந்த வாசலை விட்டு நகரமாட்டார். ஒரு தடவை ஜவுளிக்கடை அண்ணாச்சி குடும்பத்தோடு ஏரலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஏட்டையா வழக்கம்போல இழுத்தார். பூட்டு வழக்கம்போல வந்தது. மனிதர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டில் சாப்பாடு, எதிர்வீட்டில் காப்பி. அங்கே ஸ்டேஷனில் ஏட்டையாவைக் காணோம் என்று தேடுகிறார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் விருந்துச் சாப்பாட்டு மயக்கத்தோடு வண்டியிலிருந்து இறங்கினால், வாசலில் போலீஸ். அண்ணாச்சியின் மனைவி யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து நடுத்தெருவிலேயே மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"அழாதீய மயினி, பூட்டு மட்டுந்தான் போயிருக்கு" என்று ஏட்டையா ஆறுதல் சொன்னார்.

அன்றைக்கு ஜவுளிக்கடை அண்ணாச்சிக்கு ஏறிய கோபம் இறங்கவே இல்லை. "இந்தாளை ஊரை விட்டுக் கிளப்பாம நான் ஓயமாட்டேன்" என்று சபதம் போட்டார். பூட்டை இழந்தவர்கள் எல்லோரும் அவர் பின்னால் சேர்ந்தார்கள். நானும் சேர்ந்தேன்.

எங்களுக்கு வாய்ப்பாக வந்தது வருடாந்திர இன்ஸ்பெக்‌ஷன். வருடத்துக்கு ஒரு தடவை, பெரிய ஐயா என்று எல்லோரும் சொல்லும் மாவட்ட எஸ்.பி. வந்து ஸ்டேஷன் ஒரு வருடமாக என்ன கிழித்தது என்று பார்ப்பார். அதற்கு முந்தின வாரங்களைப் பார்க்கவேண்டுமே! சுவருக்குச் சுண்ணாம்பு, மரத்துக்குக் காவி, வாசலில் கிடந்த கல்லுக்கெல்லாம் வெள்ளை. அசையாமல் நின்றால் கான்ஸ்டபிளுக்கும் ஒரு பூச்சு விழும். அந்த நாட்களில் யாராவது புகார் கொடுக்கப் போனால், "களவு போனது போயிட்டு, இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அந்த வருடக் கணக்கு சுத்தமாக இருக்கவேண்டுமாம்.

அந்த வருடம் புதிதாக ஒன்று சேர்த்திருந்தார்கள். பொதுமக்கள் பாதுகாப்புக் கூட்டம். வாடகை நாற்காலி போட்டு, தெருக்காரர்களை உட்காரவைத்து, பெரிய ஐயா குறை கேட்பார். "எல்லாரும் நல்லபடியா நாலு வார்த்தை சொல்லணும்" என்று இன்ஸ்பெக்டர் வீடு வீடாக வந்து கேட்டுக்கொண்டார். சொல்லத்தான் போகிறோம் என்று நாங்களும் தலையாட்டினோம். புகார் வந்தால் ஏட்டையாவுக்கு ராமநாதபுரம் பக்கம் மாற்றல் நிச்சயம் என்று ஊரே பேசிக்கொண்டது.

அந்த வாரம் டீக்கடையில் ஏட்டையா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெஞ்சு ஒரு பக்கம் தாழ்ந்தது.

"மாத்திருவானுவளாம்ல தம்பி?"

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு எங்கன போட்டாலும் ஒண்ணுதான். வீட்டுக்காரிக்குத்தான் கண்ணு மங்கிட்டே வருது. இந்தத் தெருன்னா சுவரைத் தடவிக்கிட்டே கடைவரைக்கும் போயி, மீனு வாங்கிட்டு வந்துருவா. புது ஊருல எது சுவரு, எது சாக்கடைன்னு அவளுக்கு யாருல சொல்லுவா?"

அவர் டீக்கும் நானே காசு கொடுத்தேன். அவர் எழுந்து போனார். போகிற வழியில் டீக்கடைக்காரரின் சைக்கிள் பூட்டை இழுத்துப் பார்த்தார். அதுவும் போயிற்று. என் இரக்கமும் பாதி போயிற்று.

இன்ஸ்பெக்‌ஷன் நாள். நாங்கள் எல்லோரும் உடைந்த பூட்டுகளை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போய், லாக்கப்புக்கு எதிரே போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தோம். பெரிய ஐயா வந்தார். அணிவகுப்பைப் பார்த்தார், துப்பாக்கிகளைப் பார்த்தார். பிறகு லாக்கப்பைப் பார்க்கவேண்டும் என்றார். இன்ஸ்பெக்‌ஷனுக்காக அதைக் கழுவி, ஊதுபத்தி வேறு கொளுத்தி வைத்திருந்தார்கள். பெரிய ஐயா உள்ளே நுழைந்து, சுவரில் விரலை வைத்துத் தூசி பார்த்தார்.

வெளியே அட்டென்ஷனில் நின்றவர் நம்ம ஏட்டையா. அவர் கண்ணெதிரே ஒரு கம்பிக் கதவு. கொண்டியில் ஒரு பூட்டு, பூட்டப்படாமல் தொங்குகிறது. வாழ்நாளில் இப்படி ஒரு காட்சியை அவர் பொறுத்துக்கொண்டதே கிடையாது. யார் உள்ளே, எவர் வெளியே என்றெல்லாம் அந்தக் கை யோசிக்கவில்லை. கதவைச் சாத்தி, பூட்டை மாட்டி, அழுத்தி, காலை ஊன்றி ஒரு இழுப்பு இழுத்தது.

பூட்டு அசையவில்லை.

"ம், கிட" என்றார் ஏட்டையா. அப்புறம்தான் உள்ளே பார்த்தார்.

இன்ஸ்பெக்டரின் முகம் சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போயிற்று. "சாவி எங்கய்யா?" என்று அலறினார்.

"வீட்டுல ஐயா. காலையில தொறந்துபோட்டதும் கொண்டு வச்சிட்டேன். பூட்டும் சாவியும் ஒரே கூரைக்குக் கீழ இருக்கப்பிடாது."

"ஓடிப்போய் எடுத்துட்டு வா" என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். இன்ஸ்பெக்டருக்கு வந்த ஆத்திரத்தில், "நீ அந்த இடத்தை விட்டு அசைஞ்சே, தொலைச்சிருவேன்" என்று கத்திவிட்டு ஒரு கான்ஸ்டபிளை விரட்டினார். கான்ஸ்டபிள் வெறுங்கையோடு திரும்பிவந்தார்.

"அம்மா தரமாட்டேங்காவ ஐயா. போலீஸ்காரன் மாதிரி பேசிக்கிட்டுக் களவாணி வருவான், எவன் கேட்டாலும் குடுத்திராதன்னு ஏட்டையா சொல்லிருக்காவளாம்."

இன்ஸ்பெக்டரே போனார். அவரை அந்த அம்மாள் விளக்குமாற்றோடு துரத்தியதாகக் கேள்வி.

இதற்கிடையில் பெரிய ஐயாவுக்கு உள்ளே ஒரு நாற்காலி போடவும் வழியில்லை. கம்பிக்கு நடுவே ஒரு தட்டு நிறைய எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் மிட்டாயை நீட்டினார்கள். நின்றபடியே ஒன்றைக் கடித்துக்கொண்டு, நாற்காலிகளில் இருந்த எங்களைப் பார்த்தார். சும்மா நிற்பதைவிட வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, "சரி, உங்க குறை என்ன? சொல்லுங்க" என்றார்.

கம்பிக்கு உள்ளே அதிகாரி, வெளியே பொதுமக்கள். இப்படி ஒரு குறை கேட்கும் கூட்டம் வேறெங்காவது நடந்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.

ஜவுளிக்கடை அண்ணாச்சி எழுந்து பையைக் கவிழ்த்தார். மேசையில் பூட்டுகள் கலகலவென்று விழுந்தன. "எல்லாம் இந்த ஏட்டு உடைச்சது ஐயா!"

"அந்தாள் மேல எனக்கும் ஒரு புகார் இருக்கு" என்றார் பெரிய ஐயா. கம்பி வழியாகக் கையை நீட்டி லாக்கப் பூட்டை ஒரு இழுப்பு இழுத்தார். "ஊரு பூட்டையெல்லாம் உடைச்சிருக்கீரே, இது மட்டும் ஏன்யா உடையல?"

ஏட்டையா சல்யூட் அடித்தார். "இது நானே திண்டுக்கல்லுக்குப் போயி வாங்குன பூட்டு ஐயா."

யாரோ சிரித்துவிட்டார்கள். நான்தான் என்று நினைக்கிறேன். பெரிய ஐயா சிரிக்கவில்லை. "சரி. இவரை மாத்திரலாம். எல்லாருக்கும் சம்மதந்தானே?" என்று கேட்டார்.

நாங்கள் எதற்காக வந்தோமோ அதைத்தான் கேட்டார். ஆனால் யார் வாயும் திறக்கவில்லை. அப்போது கடைசி நாற்காலியிலிருந்து பிலோமி அக்கா எழுந்தார். கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டுகிறவரின் மனைவி. புருஷன் கடலேறினால் மாதக்கணக்கில் வரமாட்டார். இரண்டு குமரிப் பிள்ளைகளோடு தனியாக இருந்தார். கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார்.

"எங்க வீட்டுப் பூட்டையும் இவரு பிச்சிருக்காரு ஐயா. நானும் வாயில வந்தபடி ஏசிருக்கேன். ஆனா எங்க வீட்டு மனுசன் கடல்ல கெடக்கையில, பொழுது சாய்ஞ்சா எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிடும். இவரு வந்து கதவைப் போட்டு அந்த உலுக்கு உலுக்குனாத்தான், சரி, நமக்கும் கேக்க ஒரு ஆளு இருக்குன்னு பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் படுப்பேன். மாதா சத்தியமா சொல்லுதேன், இவரை மாத்தினியன்னா நான் இங்கனயே உக்காந்துருவேன். கதவு தொறக்கவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்!"

"யம்மா, கதவு தொறக்கட்டும்மா!" என்றார் பெரிய ஐயா அவசரமாக.

இரும்புக்கடை அண்ணாச்சி குதித்தெழுந்தார். "அக்கா சொல்லுறதுதான் நியாயம். ஏட்டையா போயிட்டா என் பொழப்பு என்னத்துக்கு ஆகும்?" ஜவுளிக்கடை அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "மாத்தணும்னு நான் எங்க சொன்னேன்? கையைக் கொஞ்சம் அடக்கச் சொன்னாப் போதும்."

கடைசியில் ஏட்டையாவையே வீட்டுக்கு அனுப்பித்தான் சாவி வந்தது. பெரிய ஐயா வெளியே வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அவர் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார். "நீர் இங்கயே இரும். ஆனா இனிமே எந்தப் பூட்டு மேலயாவது கை வச்சீரு, பாத்துக்கிடும்." இன்ஸ்பெக்‌ஷன் குறிப்பில் அவர், லாக்கப்பின் பாதுகாப்பு மிகவும் திருப்தி, நேரில் சோதித்துப் பார்க்கப்பட்டது என்று எழுதிவிட்டுப் போனாராம். அதை யார் படித்துச் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். ஊர் நம்பியது, நானும் நம்புகிறேன்.

உத்தரவென்றால் உத்தரவு. அன்று முதல் ஏட்டையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். ஒவ்வொரு வாசலிலும் நின்று, தெருமுனை வரைக்கும் கேட்கிற குரலில், "பூட்டிட்டியளா?" என்பார். "பூட்டியாச்சு ஏட்டையா" என்று உள்ளேயிருந்து பதில் வரும்வரை நகரமாட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் வாயில் சோற்றோடு சொல்லியாக வேண்டும். இதற்கு அவர் பூட்டையே உடைத்திருக்கலாம் என்று ஜவுளிக்கடை அண்ணாச்சி புலம்பினார்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அந்தக் குரல் வரவில்லை. விளக்கு வைத்து நேரமாயிற்று. எனக்கு அறையில் இருப்புக் கொள்ளவில்லை. கீழே இறங்கினால் எல்லோரும் அவரவர் வாசலில் நிற்கிறார்கள். "காய்ச்சலாம். வாங்க, பாத்துட்டு வந்துருவோம்" என்று பிலோமி அக்கா முன்னால் நடந்தார். தெருவே பின்னால் போயிற்று. ஏட்டையா வீட்டு வாசலில் போய் நின்றதும் ஜவுளிக்கடை அண்ணாச்சிக்குக் குறும்பு வந்துவிட்டது. பழி வாங்க இதைவிட நல்ல நேரம் எப்போது? தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருமுனை வரைக்கும் கேட்கும்படிக் கத்தினார்.

"ஏட்டையா! பூட்டிட்டியளா?"

உள்ளேயிருந்து அந்த அம்மாள் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். கதவு சும்மா சாத்தித்தான் கிடந்தது. திறந்துவிட்டுச் சிரித்தார்.

"நல்லாக் கேட்டீய போங்க! இந்த வீட்டுக்கு ஏது அண்ணாச்சி பூட்டு? வந்த நாள்லயிருந்து சும்மா சாத்திப்போட்டுத்தான் கெடக்கு. நான் கேட்டா, 'இந்தத் தெருவுல நமக்கு எதுக்குளா பூட்டு'ங்காவ. அன்னைக்கு மாத்தல் ஆயிருந்தாத்தான் ஒண்ணு வாங்கணும்னு சொல்லிக்கிட்டிருந்தாவ."

ஜவுளிக்கடை அண்ணாச்சி துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, சொல்லிக்கொள்ள வெட்கமில்லை. "வாசல்ல என்னவே கூட்டம்? வீட்டையெல்லாம் தொறந்து போட்டுட்டா வந்தீய?" என்று உள்ளேயிருந்து ஏட்டையா காய்ச்சல் குரலில் அதட்டினார். ஆமாம், அவசரத்தில் எல்லோரும் திறந்துபோட்டுவிட்டுத்தான் வந்திருந்தோம். ஆனால் அவர் எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி குடிக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை.