சில்லண்ணையின் நாலு எலுமிச்சம்பழம்

பாரிசின் லா சப்பலில் கார் வைத்திருக்கும் தமிழர் அத்தனை பேரையும் தெரிந்து, அவர்களில் ஒருவருடைய முகத்தையும் தெரியாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் சில்லண்ணை. எதிரே வந்தால் பேச்சு எங்களோடு, பார்வை எங்கள் காரின் சில்லோடு, அந்த நாலு சக்கரத்தோடு. கார் இல்லாதவர்கள் பேசினால், பாவம், எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வானத்தைப் பார்ப்பார்.

கடைகளுக்குத் தன் வான் வண்டியில் மரக்கறி இறக்குவது அவர் தொழில். பனிக்கால ரயர் பூட்டிய நாலு சில்லுகள் அவர் சொத்து. குளிர்காலத்தில் யாராவது சுவிசுக்குக் கலியாணத்துக்குப் போனால், அளவு பொருந்தினால் போதும், தன் வானிலிருந்து கழற்றி அவர்கள் காருக்குப் பூட்டுவார். அவர்களுடைய கோடைச் சில்லு இவர் வானுக்கு வரும். திரும்பி வந்தவர்கள் பலகாரம் நீட்டினால், "அது கிடக்கட்டும், காத்துப் பாத்தனியளோ?" என்பார்.

ஒரு தை மாதம். சுவிசில் மலையூரில் இருக்கும் என் மகளுக்குத் தலைப்பிரசவம். குழந்தையை நாளைக்கே எடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மருமகன் வெளியூரில். "அம்மா, வாங்கோ" என்று போனில் அழுதாள். ரயில்காரர் வேலைநிறுத்தம். எங்கள் காரிலோ கோடை ரயர்.

சேதி கேட்டுச் சில்லண்ணை கார் தூக்கும் ஜக்கோடு வந்துவிட்டார். இவர்தான், என் வீட்டுக்காரர், காருக்குக் குறுக்கே நின்றார்.

"அண்ணை, இது கோயிலிலை பூசை செய்து எலுமிச்சம்பழம் நசிச்ச சில்லு. மலைக்குப் போகேக்கை கழட்டுறதே?"

"கழட்டாட்டில் வழுக்கும் தம்பி."

"அப்ப முன்னுக்கு ரெண்டை மாத்துங்கோ. பின்னுக்குப் பூசைச் சில்லு நிக்கட்டும்."

"நல்லது. வளைவிலை முன்பக்கம் சுவிசுக்குப் போகும், பின்பக்கம் கோயிலுக்குத் திரும்பும்!"

இவர் அசையவில்லை. நான் பிரசவச் சரக்குப் பையைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். வாய் திறக்க எனக்கு எப்போது வந்தது? சில்லண்ணை ஜக்கைக் கீழே போட்டுவிட்டு விறுவிறென்று போனார். கோபித்துவிட்டார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். நாலு எலுமிச்சம்பழத்தோடு திரும்பி வந்தார்.

நாலு சில்லையும் மாற்றினார். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பழம் வைத்தார்.

"ஏறு தம்பி, நசி. இந்தச் சில்லு பாண்டிச்சேரி மாமியின்ரை காரிலை லூர்து மாதா கோயிலுக்கும் போய் வந்தது. உனக்கு ரெண்டு பக்கத்துக் காவலும் இருக்கு."

மலையில் கார்கள் ஓரமெல்லாம் சறுக்கிக் கிடந்தன. எங்கள் கார் மாடு மாதிரி நிதானமாக ஏறியது. "பாத்தியே, பழம் வேலை செய்யுது" என்றார் இவர். மகளை ஒப்பரேசனுக்கு உள்ளே கொண்டுபோக முன்னம் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது பாரிசிலும் பனி கொட்டியிருந்தது. கடைக்காரத் தம்பி சிரித்தான்: "அண்ணை மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவடியிலை வானை விட்டிட்டு, தள்ளுவண்டிலிலை முருங்கைக்காய் தள்ளிக்கொண்டு வந்தவர். வானிலை பூட்டினது உங்கடை பூசைச் சில்லாம், பனியிலை இறக்க மாட்டாராம்!"

சில்லண்ணை வந்தார். வழக்கம்போலக் குனிந்து நாலு சில்லையும் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி, பிள்ளையும் தாயும் சுகமோ?"

"ஓம் அண்ணை" என்றேன். நான்தான் குனிந்து சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.