ஓட்டத்திலிருந்து விடுதலை கோரி மைத்துனருக்கு

மாரத்தான் நடக்கும் மாநகரில் சுகமாக உட்கார்ந்திருக்கும் என் அன்பு மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவைக் கைப்பிடித்தவன் மிகுந்த மரியாதையுடனும் கொஞ்சம் மூச்சுவாங்கலுடனும் எழுதிக்கொள்வது. நீங்களும் உங்கள் மனைவியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். என் வலது முழங்கால் ஆட்சேபித்ததால் 'எல்லோரும்' என்ற சொல்லை அடித்துவிட்டேன். உங்கள் அக்கா நலம். அவள் மட்டும் மிக மிக நலம். இந்தக் கடிதமே அதைப் பற்றிய புகார்தான்.

"போன்ல சொல்லியிருக்கலாமே அத்தான்" என்று கேட்பீர்கள். வீட்டில் இருப்பது இரண்டு போன். ஒன்று அவள் கையில் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறது, ஓடிய தூரத்தைச் சொல்ல. இன்னொன்று, அதாவது என்னுடையது, அவள் இடுப்புப் பையில் இருக்கிறது, முதல் போனில் சார்ஜ் தீர்ந்தால் உதவ. இப்போது அவள் ரயில் பாலத்தின் மேல் ஏறி இறங்கப் போயிருக்கிறாள். ஓட்டக்காரர்களுக்கு மேடு ஏறிப் பழக்கம் வேண்டுமாம். திரும்பி வருவதற்குள் இதை எழுதி உறையை ஒட்டிவிட வேண்டும் என்பதால் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் முதலில் இருந்தது நீங்கள்தான்.

மகள் வேலை கிடைத்துக் கடல் கடந்து போன பிறகு உங்கள் அக்கா எப்படி ஆகிவிட்டாள் என்பதை நீங்களே வந்து பார்த்தீர்கள். டிவி பாட்டுக்கு ஓடும், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பாட்டு மேஜையில் மூன்று தட்டு வைப்பாள், பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள், திரும்பி வர நேரமாகும். மகளின் அறைக் கதவைச் சாத்தியவள் பெருக்குவதற்குக்கூடத் திறக்கவில்லை. நான் ஏதாவது கேட்டால் "ம்" என்பாள். கேட்காவிட்டாலும் "ம்" என்பாள். டாக்டர் "தினமும் கொஞ்சம் நடங்கம்மா" என்றார், அதற்கும் "ம்". அந்தச் சமயத்தில் விடுமுறைக்கு வந்த நீங்கள் எங்கள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "அக்கா, எங்க ஊர்ல பெரிய மாரத்தான் வருது. வெள்ளி, சனி, ஞாயிறுன்னு மூணு நாளும் ஊரே தலைகீழா இருக்கும். எங்க வீட்டு வாசல் வழியாத்தான் எல்லாரும் ஓடுவாங்க. சின்ன ஓட்டமும் உண்டு, வந்து ஓடேன்" என்றீர்கள். உங்கள் அக்கா தலை நிமிர்ந்தாள். மாதக்கணக்கில் நிமிராத தலை. அதைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துபோய், யாரும் கேட்காமலேயே, "அவ ஓடினா நானும் ஓடுறேன்" என்று சொல்லித் தொலைத்தேன். நீங்கள் கை தட்டினீர்கள். என் வாயைப் பொத்தியிருக்க வேண்டிய கை அது.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். கார் ஓட்டப் பழகுபவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஆசிரியருக்கென்று தனியாக வைத்த பிரேக்கை மிதிப்பவன் நான். அடுத்தவர் ஓட்டுவார், நான் நிறுத்துவேன். என் உடம்பில் இத்தனை காலம் உழைத்த ஒரே உறுப்பு அந்தப் பிரேக்கை மிதித்த வலது கால், அதுதான் இப்போது என்னைக் கைவிட்டிருக்கிறது. உழைக்காத இடது கால் புது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது. இந்த லட்சணத்தில் எங்கள் பயிற்சிப் பள்ளி அலுவலகத்தில் போன் எடுக்கும் பெண், எனக்கு உற்சாகமூட்டுவதாக நினைத்து, காரின் பின்கண்ணாடியில் 'எங்கள் ஆசிரியர் மாரத்தான் ஓடுகிறார்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து பின்னால் வருகிறவர்கள் எல்லாம் வாழ்த்துச் சொல்லி ஹாரன் அடிக்கிறார்கள், பழகுகிறவர்கள் பயந்துபோய் நடுரோட்டில் வண்டியை அணைக்கிறார்கள். சிக்னலில் பைக்கில் வந்த ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "ஓடுறவரு எதுக்கு சார் கார்ல போறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சிக்னல்தான் மாறவில்லை.

ஷூ வாங்கப் போன கதையைக் கேளுங்கள். கடைக்காரத் தம்பி என்னை ஒரு மெஷின் மேல் நடக்கவிட்டு, என் பாதத்தைப் படம் பிடித்து, பெரிய திரையில் போட்டுக் காட்டி, கடையில் இருந்த எல்லோரும் கேட்க, "சார், உங்க கால் உள்பக்கமா சாயுது" என்றார். இத்தனை வருஷமாக இந்தக் காலோடுதான் குடித்தனம் நடத்துகிறேன், அது சாய்கிறது என்று பெற்ற தாய்கூடச் சொன்னதில்லை. சாயாமல் இருக்க ஒரு ஷூ கொடுத்தார். ஓடும்போது பாதம் வீங்கும், விரலுக்கு முன்னால் இடம் வேண்டும் என்று சொல்லி ஒரு அளவு கூட்டியும் கொடுத்தார். இப்போது எங்கே போனாலும் முதலில் ஷூ போய்ச் சேருகிறது, பின்னால் நான் போகிறேன். நிறம் ஆரஞ்சு. அந்த நிறத்தில் வேறு யாரும் வாங்கவில்லை என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பூங்காவில் ஓடுகிறவர்களின் கூட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் கேள்வி கேட்டே பழகியவர் என்பதால் பதிலை எதிர்பார்க்கவே மாட்டார். முதல் நாளே அவர், "பேசிக்கிட்டே ஓட முடியணும். பேச்சு வரலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்" என்றார். எனக்கு நின்றுகொண்டிருந்தபோதே பேச்சு வரவில்லை. ஆனால் உங்கள் அக்கா இந்த உபதேசத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள். முதல் சுற்றில் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் பேசினாள். இரண்டாவது சுற்றில் மகள் அனுப்பிய படத்தில் அவள் முகம் ஒட்டிப்போயிருப்பதைப் பற்றிப் பேசினாள். அடுத்த சுற்றில் பள்ளிக்கூடத்தில் தான் ரிலே ஓடியதாகச் சொன்னாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்குத் தெரியாத சங்கதி இது. "ஏன் இவ்வளவு நாளா சொல்லல?" என்று கேட்க நினைத்தேன், "ஏ..." என்பதோடு மூச்சு நின்றுவிட்டது. அவள் அதற்கும் சிரித்துக்கொண்டே மேலே பேசிக்கொண்டு போனாள். மாதக்கணக்கில் சேர்த்து வைத்த பேச்சு அத்தனையும் காலை வேளையில் என் காதில் விழுந்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவள் பேசுவது முன்னால் இருந்து கேட்கிறது, நான் பின்னால் இருக்கிறேன், பாதிதான் காதில் விழுகிறது என்பதுதான் குறை.

பிறகு தூரம் வளர ஆரம்பித்தது. ஐந்து கிலோமீட்டர் என்றுதான் பேச்சு. ஒரு நாள் காபி கொடுக்கும்போது, "பத்துக்கு மாத்திட்டேங்க" என்றாள். இன்னொரு நாள் தலை துவட்டிக்கொண்டே, "அரை மாரத்தான் பண்ணிடலாம்னு டாக்டர் சொல்றாரு" என்றாள். அதாவது இருபத்தொரு கிலோமீட்டர். "யாரு, இருதய டாக்டரா?" என்றேன். "பல் டாக்டர்" என்றாள். "அவருக்கு என் பல்லே தெரியாது, முழங்கால் எப்படித் தெரியும்?" என்றேன். "உங்களுக்கும் சேர்த்து மாத்தியாச்சு. ஒரே வீட்டுல ரெண்டு தூரம் எதுக்கு?" என்று சொல்லிவிட்டுத் துண்டைக் காயப்போடப் போய்விட்டாள்.

அப்புறம்தான் அந்த பஸ் விவகாரம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் என்று ஊருக்கு வெளியே கூட்டிப் போனார்கள். எல்லோரும் வளைவில் மறைந்ததும் என் கால், என் சம்மதம் இல்லாமலே, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டது. உள்ளே உட்கார்ந்திருந்தது என்னிடம் கார் பழகி மூன்று முறை தேர்வில் தோற்ற தையற்கடைக்காரர். "அடடே, மாரத்தான் சார்!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி எழுந்து இடம் கொடுத்தார். பஸ் உங்கள் அக்காவைத் தாண்டியபோது நான் ஷூ கயிற்றைக் கட்டுவது போலக் கீழே குனிந்துகொண்டேன். அடுத்த நிறுத்தத்தில் பல் டாக்டரும் இன்னும் சில வேகக்காரர்களும் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். தையற்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "சார் உள்ளதான் இருக்காரு!" என்று அறிவித்தார். பின்னால் ஓடி வந்து சேர்ந்த உங்கள் அக்கா என்னைத் திட்டவில்லை. "டிக்கெட் எடுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

முழங்காலைக் காட்ட ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் போனேன். மடக்கினார், நீட்டினார், நான் கத்தினேன். "நடந்தா பரவாயில்ல, ஓடினா தகராறு பண்ணும். ஆமா, நீங்க எதுக்கு ஓடுறீங்க?" என்றார். இதே கேள்வியை எத்தனை பேர்தான் கேட்பார்கள்? உங்கள் ஊர் ஓட்டத்தில் எல்லோருக்கும் கடைசியாக ஒரு பஸ் வரும், முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் என்று பல் டாக்டர் சொன்னார். "அதுல இப்பவே சீட் போட்டு வைக்க முடியுமா?" என்று கேட்டேன். கூட்டமே சிரித்தது. நான் நகைச்சுவையாகக் கேட்கவில்லை.

பயணம் வேறு பயமுறுத்துகிறது. ஓடும்போது மார்பில் குத்திக்கொள்ளும் நம்பர் அட்டையை வெள்ளி, சனியில் நேரில்தான் வாங்க வேண்டும். நாங்கள் வரும் ரயில் சனிக்கிழமை மதியம். அந்த வார இறுதியில் ஹோட்டல் எல்லாம் நிரம்பிவிட்டது. உங்கள் வீட்டில் தங்கலாம் என்றால் உங்கள் மாமியாரும் நாயும் ஏற்கெனவே வந்தாயிற்று. ஞாயிறு காலை தெருவெல்லாம் அடைத்துவிடுவார்கள், ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு நடந்துதான் போக வேண்டும் என்கிறீர்கள். ஓடப் போவதற்கே அவ்வளவு நடந்தால் அதற்குப் பிறகு ஓடுவது யார்?

போன வாரம் ஒரு சாயங்காலம் துணிந்துவிட்டேன். முடியாது என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று அவளைத் தேடிப் போனேன். மகளின் அறைக் கதவு திறந்திருந்தது. ஜன்னலும் திறந்திருந்தது. கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் விரிப்புப் போட்டு, உங்கள் அக்கா உட்கார்ந்து காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தாள். மகளின் மேஜையில் அவளுடைய ஓட்ட உடுப்புகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. போனில் மகளோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். "உங்க அப்பாவும் ஓடுறாருடி. நம்பவே முடியலல்ல? அவர் வரலைன்னா நான் மட்டும் போவேனா? நானும் போக மாட்டேன்." என்னைப் பார்த்து, "என்னங்க?" என்றாள். "சாக்ஸ் காய்ஞ்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்றேன்.

ஆகவே மைத்துனரே, என் நிலைமை புரிகிறதா? நான் ஓடினால் முழங்கால் போகும். ஓடாவிட்டால் அந்தக் கதவு மறுபடியும் சாத்திக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் ஆரஞ்சு ஷூவோடு நின்றுகொண்டிருக்கிறேன். நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். ஏதாவது ஒரு பொய் சொல்லுங்கள். ஓட்டத்தை நடத்துகிறவர்கள் என் வயதுக்காரர்களைச் சாலையோரத்தில் தண்ணீர் கொடுக்க நியமித்திருக்கிறார்கள், மறுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். அவள் ஓட வேண்டும், நான் ஓடக் கூடாது, அவள் மனமும் நோகக் கூடாது. நீங்கள் இன்ஷூரன்ஸ் விற்கிறவர், உங்களால் முடியாதது இல்லை.

உங்கள் குழந்தைகளுக்கு என் ஆசி. அவர்கள் நன்றாகப் படித்து, பெரிய வேலைக்குப் போய், யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்காமல் நீடூழி வாழட்டும். உங்கள் மனைவிக்கு என் அன்பு, மாமியாருக்கு வணக்கம், நாய்க்கும் விசாரிப்பு.

இப்படிக்கு,
கால் வலியுடன்,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்து எழுதுகிறேன். உங்கள் அக்கா பாலத்திலிருந்து வந்துவிட்டாள். தண்ணீர் குடித்துக்கொண்டே, "படியில சுவரைப் புடிச்சுக்கிட்டு எறங்குறீங்களே, நான் பாக்கலைன்னு நினைச்சீங்களா? உங்க நம்பரைத் தம்பி பேருக்கு மாத்திட்டேன். அவன் என்கூட ஓடட்டும். நீங்க ஓட்டம் முடியுற இடத்துல நாற்காலி போட்டு உக்காந்து எங்க பையைப் பாத்துக்குங்க" என்றாள். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். மாறாக, "அவனா?" என்றேன். "ஆமா, அவன்கூடப் பேசி எத்தனை நாளாச்சு! வழி முழுக்கப் பேசிக்கிட்டே ஓடலாம்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். நான் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன், மாப்ளே. அவள் வழி முழுக்கப் பேசுவாளாம், நீங்கள் கேட்பீர்களாம், நான் உங்கள் பைகளுக்குக் காவலாம். அது நடக்காது. மேலே எழுதியது எதையும் நீங்கள் படிக்கவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷத்திலிருந்து உங்களுக்குக் கடுமையான முதுகுவலி. எந்தப் பக்கம் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம், ஆனால் ஞாயிறு மதியம் வரை குறையக் கூடாது. உடனே அக்காவுக்குப் போன் போட்டு முனகவும். நடந்தோ நொண்டியோ அவள் பக்கத்தில் வரப்போவது நான்தான். பையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.