தங்கத்துரையின் எஞ்சினுக்கு மூச்சு முட்டியது

"மூச்சு முட்டுது, சூசை. இதுக்கு மூச்சு முட்டுது" என்றார் தங்கத்துரை.

மூச்சு முட்டியது அவருடைய பந்தயக் காருக்கு. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில், மெக்கானிக் சூசைதாசனின் கராஜில் அது பொனற் மூடியைத் திறந்தபடி நின்றது. முன்னால் நின்ற தங்கத்துரையின் வாயும் திறந்துதான் இருந்தது.

பிழை முழுவதும் ஒரு தட்டின் மேல். ரொறன்ரோவுக்கு வடக்கே இருந்த பந்தயத் திடலில், தொண்ணூற்றாறாம் ஆண்டு ஒரு புதுச் சட்டம் போட்டார்கள். கார்கள் கண்மண் தெரியாமல் பறந்து சனத்துக்குள் விழுந்துவிடக் கூடாதாம். அதற்காக ஒவ்வொரு காரிலும், காற்றையும் பெற்றோலையும் கலக்கிற கார்பரேற்றருக்கு அடியில், ஓட்டை போட்ட ஓர் அலுமினியத் தட்டைப் பொருத்த வேண்டும். எஞ்சினுக்குப் பெற்றோல் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். ஓட்டை சிறிதானால் காற்றுக் குறையும். காற்றுக் குறைந்தால் வேகம் குறையும்.

தட்டு எல்லோருக்கும் ஒரே அளவுதான். ஆனால் மற்றவர்கள் கொஞ்சம் மெதுவாக ஓட, தங்கத்துரை மட்டும் ஊர்ந்தார். ஓடிய மூன்று பந்தயத்திலும் அவர்தான் கடைசி.

போன வருடம் அவர் மதிலில் மோதித் தோள் எலும்பை முறித்துக்கொண்டவர். அப்போதே மனைவி நாகேஸ்வரி காரை விற்கச் சொல்லி அழுதாள். இந்த வருடம் மூன்றாம் முறையும் கடைசியாக வந்தபோது, சாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தி அவரிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். வருகிற சனிக்கிழமையும் கடைசி என்றால் காரை விற்றுவிட வேண்டும்.

கிழமை நாட்களில் தங்கத்துரை பிறம்ரன் நகரில் ஒரு கிடங்கில் சாமான் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டினார். அதன் வேகத்தைக் கொம்பனிக்காரர்கள் பூட்டி வைத்திருந்தார்கள். நடந்து போகிறவர்கள் அதை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். வேலையில் சுப்பவைசர், வீட்டில் மனைவி, தொலைபேசியில் மச்சான்மார் என்று எல்லோரும் அவரிடம் சொன்னது மெதுவாகப் போ என்றுதான். சனிக்கிழமை ஒருநாள்தான் அவர் காலை ஊன்றி மிதிக்கலாம். அதுவும் போய்விட்டால் மிச்ச ஆயுளுக்குப் போர்க்லிப்ட்தான். நினைக்கவே அவருக்கு அழுகை வந்தது.

"எயர் பில்ரரைக் கழட்டிவிடு. கொஞ்சமெண்டாலும் காத்து உள்ளுக்குப் போகட்டும்."

"வேண்டாம் அண்ணை. தூசியெல்லோ போகும்."

"கழட்டு எண்டுறன்!"

கழற்றினான். பின் றோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். காற்றை விடத் தூசிதான் அதிகம் போனது. எஞ்சின் சுருட்டுக் குடிக்கும் கிழவர் மாதிரி இருமத் தொடங்கியது.

"அப்ப பெற்றோலைக் கூட்டு."

"காத்து இல்லாமல் பெற்றோலைக் கூட்டினால் புகைதான் வரும், அண்ணை."

"நீ என்ன, எனக்கு எதிர்க்கட்சியே?"

கூட்டினான். புகை வந்தது. கராஜை நிரப்பி, வெளியே போய், பக்கத்துச் சீலைக் கடைக்குள்ளும் புகுந்தது. சீலைக் கடைக்காரர் தீயணைப்புப் படையைக் கூப்பிட்டுவிட்டார். வந்தவர்கள் எதையும் விசாரிக்கவில்லை. காரின் வாய்க்குள் தண்ணீரைப் பீச்சி அடித்துவிட்டுத்தான் விசாரித்தார்கள்.

நனைந்த எஞ்சினைத் துடைத்துக் காயவைக்க வெள்ளிக்கிழமை முழுவதும் சரியாகப் போனது. இப்போது அது இருமியது, புகைந்தது, இடையிடையே விக்கவும் செய்தது. சூசைதாசன் அவர் முகத்தைப் பார்க்காமல் துடைத்துக்கொண்டே இருந்தான். பாவம், தன்னை விட அவனுக்குத்தான் கவலை என்று தங்கத்துரை உருகிப்போனார்.

நாகேஸ்வரி பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு வந்தாள்.

"இஞ்சேருங்கோ, யோசியாதையுங்கோ. நான் பிள்ளையாருக்கு நேர்ந்திருக்கிறன்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனுசியை வைத்துக்கொண்டா தோற்கப் போகிறோம் என்று நினைத்தார்.

சனிக்கிழமை, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுத்தான் புறப்பட்டார். கொடி விழுந்தது. தட்டின் புண்ணியத்தால் மற்றக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வேகம். ஒருவராலும் முந்த முடியவில்லை, விலகவும் முடியவில்லை. பம்பரோடு பம்பர் உரச ஒரே கும்பலாகச் சுற்றினார்கள். அவர்களுக்கு எவ்வளவோ பின்னால் தங்கத்துரை விக்கி விக்கி வந்தார். பந்தயம் முடிவதற்கு முன்னமே, தமிழ்ப் பத்திரிகையில் போடவேண்டிய 'கார் விற்பனைக்கு' விளம்பரத்தை மனதுக்குள் எழுதி முடித்துவிட்டார்.

கடைசிச் சுற்றில் முன்னால் போன ஒருவன் கொஞ்சம் அசைந்தான். பின்னால் வந்தவன் இடித்தான். நெருங்கி வந்த கும்பலில் ஒருவருக்கும் ஒதுங்க இடமில்லை. கார்கள் ஒன்றின் மேல் ஒன்றாய்க் குவிந்தன. ஓட்டுநர்கள் காயமில்லாமல் இறங்கி ஒருவரை ஒருவர் திட்டத் தொடங்கினார்கள். தங்கத்துரை வந்து சேர்ந்தபோது, எந்தப் பக்கத்தால் போகலாம் என்று ஆற அமர யோசிக்கவே அவருக்கு நேரம் இருந்தது. ஓரத்தால் ஊர்ந்து போய்க் கோட்டைத் தாண்டினார்.

முதலாம் இடம்!

"கார் இருக்குது, சூசை! விக்கத் தேவையில்லை!" என்று கத்தியபடி இறங்கினார். நாகேஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டு அழுதாள்.

"பார், சந்தோசத்தில அழுறா."

வென்ற காரின் எஞ்சினைத் திறந்து பார்ப்பது அங்கே வழக்கம். வெள்ளை மீசை வைத்த பரிசோதகர் ஸ்பானர்கள் நிறைந்த ஆயுதப் பெட்டியோடு வந்தார். சூசைதாசன் தங்கத்துரையின் கையைப் பிடித்தான்.

"அண்ணை, வெற்றி வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுப் போவமே?"

"உனக்கென்ன விசரே?"

பரிசோதகர் கார்பரேற்றரைக் கழற்றினார். திடல் கொடுத்த தட்டை எடுத்து வைத்தார். பிறகு மீண்டும் குனிந்தார். அதற்கும் அடியிலிருந்து இன்னொரு தட்டை உரித்து எடுத்தார். மெல்லிய தகடு, நிறையச் சின்னஞ்சிறு ஓட்டைகள். தங்கத்துரைக்கு அதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. வீட்டில் இடியப்பம் அவிக்கிற ஸ்டீமரின் ஓட்டைத் தகட்டிலிருந்து வெட்டிய துண்டு. இந்த வருடப் பந்தயம் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் இரவுச் சாப்பாடு இடியப்பம் இல்லாமல் பாணும் பருப்புமாகப் போனது ஏன் என்பதும் விளங்கியது.

"மெதுவாகப் போவதற்குக் கள்ள வேலை செய்த ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார் பரிசோதகர் ஆங்கிலத்தில். "ஆனாலும் சட்டம் சட்டம்தான். எங்கள் தட்டைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. உங்கள் வெற்றி செல்லாது. உங்களுக்குக் கடைசி இடம்."

தங்கத்துரை அந்தத் துண்டைக் கையில் வாங்கினார். அவர் சூசைதாசனைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டடி பின்னால் போனான்.

"என்னைப் பாக்காதையுங்கோ அண்ணை! நாகேஸ்வரி அக்காதான் தந்து பூட்டச் சொன்னவா, நீங்கள் கடைசியா வந்தாலும் பரவாயில்லையாம், முழுசா வீட்டை வந்து சேரவேணுமாம்."