பசியில்லாதவர்கள் கை தூக்குங்கள்

மனித மனத்தை, காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்திச் சோதித்த பெருமை, உலகிலேயே முதன்முதலாக, ஸ்பிரிங்வெளிக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கே உரியது. வியன்னாவில் ஒரேயொரு நோயாளியைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து வருடக்கணக்காகக் கேட்பார்களாம். நாங்கள் எல்லோரையும் நிற்கவைத்தே கேட்டோம். கொழுந்துக்கும் நஷ்டமில்லை.

அது எழுபத்து நாலாம் ஆண்டு. கூப்பனுக்குக் கிடைக்கும் கோதுமை மா குறைந்து, தொழிலாளர் லயங்களில் ரொட்டி மெலிந்திருந்தது. அந்த நல்ல நேரம் பார்த்துத்தான் 'மனநல சேவையைத் தோட்ட டிஸ்பென்சரியோடு இணைக்கும்' திட்டத்துடன் பதுளையிலிருந்து டாக்டர் சிவசுப்பிரமணியம் வந்தார். சின்னக் கிளாக்கரான நான் பெரட்டில் அவருக்குக் குடை பிடித்தேன்.

"மனவருத்தத்தின்ரை முக்கிய அறிகுறி பசியில்லாமை," என்றார் டாக்டர். "பசியில்லாத ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

ஒரு கையும் எழவில்லை. இத்தனை ஆரோக்கியமான மனங்களை ஒரே இடத்தில் கண்டதில்லையென்று டாக்டர் நெகிழ்ந்துபோனார்.

அப்போது பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. இராக்கம்மாவின் கை. அவளாகத் தூக்கவில்லை, பக்கத்துக் காம்பரா மாரியாயி பிடித்துத் தூக்கியிருந்தாள்.

"இவளுக்குத்தாங்க ஐயா! இருக்கிற ரொட்டிய ரெண்டு புள்ளைங்களுக்கும் பிச்சுக் குடுத்துட்டு, பசிக்கல, பசிக்கலங்குறா. நேத்து மலையில கொழுந்தெடுக்கையில மயங்கி விழுந்துட்டா."

"கைய விடுடி," என்றாள் இராக்கம்மா.

"ஏய், ஐயா முன்னால என்ன கூத்து?" சடையன் கங்காணி பாய்ந்து வந்தார். "இவளுக்கு மனசெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க ஐயா. என் ஆளு, எனக்குத் தெரியாதா?"

டாக்டருக்கோ முதல் நோயாளி கிடைத்த பூரிப்பு. மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தார். "ஒரு நாளைக்கு மூண்டு தரம். சாப்பாட்டுக்குப் பிறகு."

"அந்தச் சாப்பாட்டையும் டிஸ்பென்சரியிலயே குடுப்பீங்களாங்க?" என்று கேட்டாள் மாரியாயி.

பெரட்டே சிரித்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார்: "சாப்பாடு எங்கடை பகுதி இல்லைப் பிள்ளை. மனம் மட்டும்தான்."

எவ்வளவு தெளிவான நிர்வாகம்!

அடுத்த மாதம் டாக்டர் மறுபடி வந்தார். "இப்ப எப்பிடி? பசிக்குதோ?"

"வெக்கப்படாம உள்ளதச் சொல்லுடி," என்று மாரியாயி இடித்தாள். "சொன்னாத்தான் ஏதும் குடுப்பாங்க."

இராக்கம்மா நிமிர்ந்தாள். "பசிக்குதுங்க ஐயா. ரொம்பப் பசிக்குதுங்க."

"பூரண குணம்!" டாக்டர் கைதட்டினார். நாங்களும் தட்டினோம்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மாத்திரைகள் அப்படியே இருந்தன. "சாப்பாட்டுக்குப் பொறகுன்னீங்க. இன்னும் அந்த நேரம் வரலீங்க."

மருந்தும் மிச்சம்! டாக்டர் அவற்றை வாங்கித் தம் பையில் போட்டுக்கொண்டார். "குணமாயிட்டல்ல? போ, போ, மலைக்கு ஏறு," என்று கங்காணி அவளை விரட்டினார்.

வெற்றியைக் கொண்டாடப் பெரிய கிளாக்கர் வீட்டில் பகல் விருந்து. கோழிக்கறிக்கு நடுவில் டாக்டர் தட்டைத் தள்ளிவைத்தார். "காணும். எனக்குப் பசியில்லை."

மாத்திரைகள் அவர் பையிலேயே இருந்தன. அவரைப் பிடித்து வரிசையில் நிறுத்தத்தான் எங்கள் தோட்டத்தில் ஒரு கங்காணி இல்லை.