கம்பு நர்ஸும் வாழைக்குழியும்

செங்கல் கிராமத்திலிருந்து காஞ்சிரங்குளம் வரைக்கும் அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதியும், பூத்த செடிகளில் முக்காலும் ஒரே கைபட்டவை. அந்தக் கைக்குச் சொந்தக்காரரை ஊர் கம்பு நர்ஸ் என்றுதான் அழைத்தது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் போதகருக்காவது நினைவிருந்ததா என்பது சந்தேகம்.

பிரசவம் பார்த்த வீட்டிலிருந்து அவர் வெறுங்கையோடு திரும்பியதில்லை. ஒரு செம்பருத்திக் கம்பு, குரோட்டன்ஸ் கிளை, கறிவேப்பிலைக் கன்று என்று ஏதாவது பையில் ஏறிவிடும். வலியில் கத்துகிறவளின் முதுகை நீவிக்கொண்டே ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். "பிள்ளே, மூச்ச நல்லா இழுத்து விடு. அந்த மஞ்ச அரளி எங்க உள்ளதாக்கும்?" அந்த ஆத்திரத்திலேயே பிள்ளை பிறந்துவிடும் என்று பெண்கள் சொல்வார்கள்.

அவர் பையில் கத்தரிக்கோல் இரண்டு உண்டு. ஒன்று தொப்புள்கொடிக்கு, மற்றது கம்புக்கு. "எப்பமாவது மாறிப்போச்சா நர்ஸம்மா?" என்று கேட்டேன். "மாறவா? செடிக்கு உள்ளத அழுக்காக்க விடுவேனா நான்?" என்றார். அவருடைய கவலை எந்தப் பக்கம் என்று அன்றே எனக்குப் புரிந்துவிட்டது.

மலையாள நாட்டுக்குள் இருந்த தமிழ் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் தமிழ் வாத்தியார். கல்யாணம் ஆகாதவன். நர்ஸம்மாவுக்கு அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்தேன். அவர் தோட்டத்து ரோஜாக்களைப் பார்த்து ஆசைப்பட்டு ஒரு கம்பு கேட்டேன். பெண் கேட்டுப் போனவனைப் போல நிறுத்தி வைத்து விசாரித்தார்.

"ஒன் முற்றத்துல வெயிலு எங்க விழுது?"

"கிழக்கே..."

"கிழக்க உதிக்கியது எல்லாருக்கும் தெரியும். முற்றத்துல எங்க விழுதுண்ணு கேட்டேன்."

"நான் எழும்பக் கொஞ்சம் நேரமாகும் நர்ஸம்மா."

"அப்பம் ரோசா வேண்டாம் மக்கா. ஒனக்குக் கோவக்காதான் சரி. நீ மறந்தாலும் அது பாட்டுக்கு வேலில ஏறிக்கிடும்."

கோவைக்கொடியை நட்டுக்கொடுத்ததோடு விடவில்லை. நாள்தோறும் பள்ளிக்கு நான் கிளம்பும் நேரம் பார்த்து மேற்பார்வைக்கு வருவார். மண்ணில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். ஒருநாள் நான் பச்சைச் சாணியை வேரில் கொட்டி வைத்திருந்தேன். "எலே, பச்சச் சாணி சூடாக்கும். வேரு வெந்து போவும். பிறந்த பிள்ளைக்கு மரச்சீனிக் கெழங்கும் மீன்கறியும் குடுப்பியா நீ?" தெருவே கேட்டது. என் மாணவர்களும் கேட்டார்கள்.

அப்போது ஊரில் இருந்த ஒரே பேச்சு, நாம் தமிழ்நாட்டோடு சேருவோமா மாட்டோமா என்பதுதான். சில வீடுகளில் அண்ணன் ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. நானும் நண்பர்களும் ஊர்வலத்துக்கு ஆள் சேர்க்க நர்ஸம்மாவிடம் போனோம்.

"நீங்க சொல்லுகது நியாயந்தான். பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் வேணும். வாறேன். ஆனா நாளைக்குப் பயறு நடணும்" என்றார். அதற்குள் நண்பன் ஒருவன் கொடிக்காக வேலியிலிருந்து நல்ல நீளமான செம்பருத்திக் கிளை ஒன்றில் கை வைத்துவிட்டான். "சவமே! கொடிக்கு மூங்கில் எடுலே! உயிருள்ளதையா ஒடிப்பாவ?" என்று சந்து முனை வரை துரத்தினார். எங்கள் இயக்கம் முதன்முதலாக ஓடியது அவரைக் கண்டுதான்.

இரண்டாவது ஓட்டம் ஊர்வலத்தன்று. முழக்கம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று லத்திகள் இறங்கின. என் வலது மணிக்கட்டில் ஒன்று விழுந்தது. கண்மண் தெரியாமல் ஓடி, நர்ஸம்மாவின் வேலியைத் தாண்டிக் குதித்தேன். விழுந்த இடம், மலையிலுள்ள ஒரு துரை பங்களாவிலிருந்து அவர் கொண்டுவந்து, படாத பாடுபட்டுப் பிழைக்கவைத்த ரோஜாவின் மேல். அது அப்போதுதான் முதல் பூ விட்டிருந்தது.

ஊர்வலத்துக்கு வராமல் பயறு நட்டுக்கொண்டிருந்த நர்ஸம்மா குடத்தோடு நின்றார். முதலில் ரோஜாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டுவதற்கு வாயைத் திறந்தபோது வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. திறந்த வாய் மூடிக்கொண்டது. என் சட்டையைப் பிடித்து இழுத்து, புதிதாக வெட்டியிருந்த வாழைக்குழிக்குள் தள்ளினார். மேலே சருகு, அதற்கு மேல் ஒரு கூடை காய்ந்த சாணி. "அனங்காத கிட. வாயத் தெறந்தா சாணி உள்ள போவும்."

கான்ஸ்டபிள் மலையாளத்தில் கேட்டார்: "இவிடெ ஆரெங்கிலும் ஓடி வந்நோ?"

நர்ஸம்மாவும் மலையாளத்துக்கு மாறினார். "வந்நு சாரே! என்றெ ரோசா கண்டோ? ஒடிச்சு களஞ்ஞு. அவனெ கிட்டியால் எனிக்குத் தரணம். அவன்றெ கை ஞான் ஒடிக்கும்!"

ரோஜாவை ஒடித்தவன் கிடைத்தால் அவன் கையை ஒடிப்பேன் என்றதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் குழிக்குள் என் பயம். கான்ஸ்டபிள் ஒடிந்த ரோஜாவைக் குனிந்து பார்த்தார் போலிருக்கிறது. அவர் குரல் இளகியது. "அய்யோ, நல்ல நிறம். ஒரு கம்பு எனிக்குத் தருமோ?"

"முற்றத்து வெயில் எவிடெ வீழும்?"

"ராவிலெ முதல் உச்ச வரெ, கிணற்றின்றெ அடுத்து."

காலையிலிருந்து உச்சி வரை கிணற்றடியில் வெயில் என்றதும் நர்ஸம்மாவின் மகிழ்ச்சி சருகைத் துளைத்துக்கொண்டு எனக்குக் கேட்டது. பாடம் தொடங்கியது. கணுவுக்குக் கீழே சாய்த்து வெட்ட வேண்டும். மேல்நுனியில் சாணி அப்ப வேண்டும். துளிர்க்கும் வரை நிழலில் வைக்க வேண்டும். வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்க்கக் கூடாது. கான்ஸ்டபிள் சந்தேகம் கேட்கக் கேட்க, முசுறு எறும்புகள் என் பனியனுக்குள் ஊர்வலம் நடத்தின. தாங்காமல் கொஞ்சம் நெளிந்தேன். சருகு சலசலத்தது.

"அது எந்தா?" என்றார் கான்ஸ்டபிள்.

"வளமாணு சாரே" என்று என்னை உரமாக்கிவிட்டு, மீன் கழுவின தண்ணீரை ஒரு சட்டி நிறைய என்மேல் ஊற்றினார் நர்ஸம்மா. நாற்றத்தில் கான்ஸ்டபிள் மூக்கைப் பொத்திக்கொண்டு, வாழையிலையில் பொதிந்த ரோஜாக் கம்போடு போய்விட்டார்.

நான் எழுந்தேன். என் கை வீங்கிக் கிடந்ததைக் கண்டதும் அவர் முகம் மாறியது. "ஒடிக்கணும்ணு நான் சும்மா சொன்னேன். அவனுவ ஒடிச்சே போட்டானுவளே மக்கா" என்றார். தக்காளிக்கு முட்டுக் கொடுக்க வைத்திருந்த மூங்கில் சீவல்களை வைத்துக் கட்டினார். கை நேராகக் கூடியது.

பிறகு எல்லை வகுத்தார்கள். பக்கத்துத் தாலுகா தமிழ்நாட்டுக்குப் போக, எங்கள் கிராமங்கள் மலையாளப் பக்கமே நின்றுவிட்டன. எனக்கு அது நெடுநாள் வருத்தம். நர்ஸம்மாவோ பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பக்கமும் பிரசவத்துக்குப் போய், இரண்டு பக்கத்துக் கம்பும் கொண்டுவந்து நட்டார்.

கையில் கட்டுப் போட்டிருந்த அந்த நாட்களில் உச்சி வேளை தவறாமல் என் வீட்டுக்கு வருவார். பலாவிலையைக் கரண்டிபோலக் கோட்டி, கஞ்சியைக் கோரி, ஊதி ஊதி ஆற்றுவார். "வாயத் தெற. இம்புட்டு எடம் கிடக்கும்பம் என் ரோசாதானா கிடச்சிது ஒனக்கு?" என்று திட்டிக்கொண்டே ஊட்டுவார். அதற்குப் பின் எத்தனையோ தலைமையாசிரியர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். ஊதி ஆறவைத்துவிட்டுத் திட்டியவர் அவர் ஒருவர்தான்.