சொல்தாவின் சிவப்பு கிட்டாரும் எங்கள் வீட்டுப் புளியும்

புதுச்சேரியில் கடற்காற்றை ஜென்ம விரோதியாக நினைக்கும் ஒரே மனிதர் எங்கள் சொல்தாதான். பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களை இந்த ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். சாயங்காலமானால் ஊரே பீச்சுக்குக் காற்று வாங்கப் போகும். இவர் ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காரணம், பிரான்சின் மர்சே நகரில் வாங்கி வந்த இரண்டு பழைய எலெக்ட்ரிக் கிட்டார்கள். உப்புக்காற்று பட்டால் துரு ஏறிவிடுமாம்.

அதனால்தான் எங்கள் பேண்டின் ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை கடலைவிட்டுத் தள்ளி, தட்டாஞ்சாவடியில், டிரம்மர் ஆரோக்கியத்தின் லேத் பட்டறையில் நடக்கிறது. வாசலிலேயே சோதனை.

"டேய், பீச்சுக்குப் போனியா?"

"காலையில வாக்கிங் போனேண்ணே."

"சோப்பு போட்டுக் கை கழுவிட்டு வா. அவங்களுக்கு ஆவாது."

எங்களை வாடா போடா என்பவர், கிட்டாரை 'அவங்க' என்றுதான் சொல்வார்.

அப்படிப்பட்டவர், ஆரோக்கியம் மகளின் ரிசப்ஷனில் வாசிக்கத் தன் சிவப்பு கிட்டாரை முந்தின நாளே என்னிடம் கொடுத்தனுப்பினார். என் வீடோ குருசுக்குப்பத்தில், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில்.

"கை பழகட்டும். ஜன்னலைத் தொறந்தே, தொலைஞ்சே!"

திறக்கவில்லை. மே மாதத்தில் ஃபேனைக்கூடப் போடவில்லை, அதுவும் காற்றுதானே. மறுநாள் காலை உறையை நீக்கினால், கம்பிகள் படியும் தகட்டில் பழுப்புப் புள்ளிகள்! ஒரே ராத்திரியில் துரு! பேண்டிலிருந்து துரத்தப்பட்டு, மிச்சமுள்ள ஞாயிற்றுக்கிழமைகளை மாமனாரோடு நியூஸ் சேனல் பார்த்தே கழிக்கப்போகும் என் எதிர்காலம் கண்முன் வந்து நின்றது.

"ஏங்க இப்பிடிப் பதர்றீங்க? குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்ங்க, போயிடும்" என்றாள் மனைவி.

போய்விட்டது. வீட்டில் ஆம்ப்ளிஃபயர் இல்லாததால், புளித்தண்ணீர் உள்ளே இறங்கிச் சத்தத்தையும் துடைத்துவிட்டது அரியாங்குப்பம் மண்டப மேடையில்தான் தெரிந்தது. நான் தனியாக வாசிக்க வேண்டிய இடம். "அலே, ஆரம்பி!" என்று சொல்தா கண் காட்டினார். கிட்டார் 'கர்ர்ர்' என்று ஒருமுறை தொண்டையைச் செருமிவிட்டு மௌன விரதம் பூண்டது. நான் கண்ணை மூடித் தலையை ஆட்டி, இல்லாத சங்கீதத்துக்கு உருகினேன்.

சட்டென்று சொல்தா கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, என் விரல்களைப் பார்த்தபடியே என் பகுதியைத் தன் கிட்டாரில் வாசித்தார். கைதட்டல் முழுக்க எனக்கு. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், "செவப்பு கிட்டார்தான்யா பிரமாதம்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பந்திக்குக்கூடப் போகாமல், கார் நிறுத்துமிடத்தில் சொல்தாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கிட்டாரை முகர்ந்து பார்த்தார்.

"ரசம் வாசனை வருதுடா."

"துருண்ணே... எங்க வீட்ல ஒரே ராத்திரியில..."

"ஒரே ராத்திரியா? மடையா, நான் வாங்கும்போதே இருந்த துருடா அது! உன் கல்யாணத்துக்கும் முந்தி!"

பிறகு அவர் பொழிந்த பிரெஞ்சுச் சொற்களுக்கு அர்த்தம் தெரியாதது என் அதிர்ஷ்டம். கடைசியில், "ஞாயித்துக்கெழம சீக்கிரமா வா" என்றார்.

திட்டு வாங்கத் தயாராகவே சீக்கிரம் போனேன். பட்டறை மேஜையில் சிவப்பு கிட்டார் பிரித்துப் போட்டபடி கிடந்தது. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். ஸ்க்ரூ டிரைவரை என் கையில் வைத்தார்.

"உக்காரு. நான் ஒயரைப் பாக்கறேன், நீ அவங்களப் புடிச்சுக்கோ. பதறாத."

மூன்று ஞாயிறுகளில் சத்தம் திரும்பிவிட்டது. ஆனாலும் இன்றுவரை ஒத்திகைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுகிறேன். பிரிக்க ஒன்றும் இல்லாத நாளிலும், அவரும் அப்படித்தான் வந்துவிடுகிறார்.